ஐந்தாக இருந்த பை, எண்பதாக இருந்த பை

கணக்கில் பை என்று நாம் சொல்லும் π என்ற எழுத்தைக் கிரேக்கர்கள் ‘பீ’ என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் நெடில் ஒலிகள் இடம் மாறியபோது இதுவும் ‘பை’ ஆகிப்போனது. ஆங்கிலத்தில் கணிதம் படிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் அதனால் பை. நல்லவேளை. கிரேக்க உச்சரிப்பே இங்கு நிலைத்திருந்தால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் வட்டத்தின் பரப்பளவை நடத்தி முடித்திருக்க மாட்டார்.

தொடக்கநிலை 6 பிள்ளையின் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: பை 22/7ஆ, 3.14ஆ, கால்குலேட்டரில் வருவதா? தொடக்கக் கல்லூரிக்குப் போன அக்காவின் நோட்டைப் புரட்டினால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே வேதியியலில் பை ஒரு பிணைப்பு. பொருளியலில் பை என்றால் லாபம். பை என்பது முதலில் ஓர் எழுத்து, அவ்வளவுதான் என்று பிடித்துக்கொண்டால் இரண்டு குழப்பமும் தீரும். அது 3.14 என்ற எண்ணைக் குறிக்கத் தொடங்கி 300 ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. அதற்கு முன்னாலும் அதற்கு வேலை இருந்தது, இன்றும் வேறு வேலைகள் இருக்கின்றன.

பழங்கால லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பினீசியரின் எழுத்து வரிசையில் ‘பே’ என்று ஒன்று உண்டு. அந்தச் சொல்லுக்கு வாய் என்று பொருள். ஹீப்ருவில் இன்றும் அதே பெயர். கிரேக்கர்கள் பினீசியரிடமிருந்து எழுத்துகளை வாங்கியபோது பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரோம எழுத்தின் ‘பி’, ரஷ்ய எழுத்தின் ‘பெ’ எல்லாம் அதன் வழிவந்தவை. ரஷ்ய எழுத்தில் அந்த இரண்டு காலும் மேல்கோடும் இன்றும் அப்படியே தெரியும்.

கிரேக்கரிடம் எண்களுக்குத் தனி வடிவம் இல்லை, எழுத்துகளையே எண்ணாகவும் எழுதினார்கள். ஏதென்ஸ் பக்கத்துப் பழைய கல்வெட்டுகளில் எண்ணின் பெயருக்கு எது முதலெழுத்தோ அதுவே அந்த எண். ஐந்துக்கு ‘பெந்தே’ என்பார்கள், ஆகவே பை என்றால் 5. பத்து ‘தேகா’, ஆகவே டெல்டா என்றால் 10. பிறகு வேறொரு முறை பரவியது. முதல் ஒன்பது எழுத்து 1 முதல் 9 வரை, அடுத்த ஒன்பது 10 முதல் 90 வரை. அந்தக் கணக்கில் பை 80. கிரேக்க நெடுங்கணக்கில் பை 16ஆவது எழுத்தாயிற்றே, 70 அல்லவா வரவேண்டும் என்று விரல்விட்டு எண்ணுபவர் கேட்கலாம். பேச்சில் வழக்கொழிந்த டிகம்மா என்ற எழுத்தை 6 என்ற எண்ணுக்காக மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதையும் சேர்த்தால் பை 17ஆவது. ஒன்பது எழுத்து போக எட்டாவது, அதாவது 80.

ஆகவே, ஆர்க்கிமிடீஸ் பக்கத்தில் பை என்ற எழுத்தை எழுதிக்காட்டியிருந்தால் அவர் எண்பது என்று படித்திருப்பார். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணம் வரைந்து, சுற்றளவு விட்டத்தைப்போல 223/71 மடங்குக்கு மேல், 22/7 மடங்குக்குக் கீழ் என்று கட்டம்கட்டியவர் அவர். அந்த மடங்குக்கு அவர் பெயர் வைக்கவில்லை. அவருக்குப் பிறகும் இரண்டாயிரம் ஆண்டுக்கு யாரும் ஒற்றை எழுத்தில் எழுதவில்லை. ஐரோப்பாவில் ‘விட்டத்தால் பெருக்கினால் சுற்றளவைத் தரும் அளவு’ என்று லத்தீனில் ஒரு வாக்கியமே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் அதை லுடோல்ஃப் எண் என்றார்கள். 35 தசம இடம்வரை கையால் கணக்கிட்ட லுடோல்ஃப் வான் கியூலனின் பெயர் அது.

17ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் பையை வட்டத்துக்குள் கொண்டுவந்தார். பெருக்கலுக்கு × குறியைப் புழக்கத்தில் விட்டவரும் இவர்தான். ஆனால் அவருடைய பை எண் அல்ல, நீளம். ‘பெரிஃபெரேயா’ என்றால் கிரேக்கத்தில் சுற்றளவு, அதன் முதலெழுத்து பை. விட்டம் ‘டையமீட்டர்’, அதன் முதலெழுத்து டெல்டா. பையின் கீழ் டெல்டாவைப் போட்டு, சுற்றளவின் கீழ் விட்டம் என்று எழுதினார். வட்டம் மாறினால் அவருடைய பையும் மாறும்.

கீழே இருந்த டெல்டாவை எடுத்துவிட்டு, விட்டம் 1 என்றால் சுற்றளவு பை என்று முதலில் அச்சில் போட்டவர் வேல்ஸ்காரரான வில்லியம் ஜோன்ஸ். ஆண்டு 1706. ஜான் மெச்சின் கணக்கிட்ட 100 தசம இடங்களும் அதே புத்தகத்தில் வந்தன. ஜோன்ஸ் பெரிய கணித மேதை இல்லை, பாடம் எழுதியவர். அதனால் அவர் குறியீட்டை உடனே யாரும் கண்டுகொள்ளவில்லை. சுவிஸ் கணித மேதை ஆய்லர் 1736இல் எடுத்துக்கொண்டு, 1748இல் வெளியிட்ட நூலில் தாராளமாகப் புழங்கிய பிறகுதான் அது நிலைத்தது.

இந்த ஜோன்ஸின் மகனைத் தமிழர்களில் பலருக்குத் தெரியும், அப்பாவைத்தான் தெரியாது. மகன் பெயரும் வில்லியம் ஜோன்ஸ். மூன்று வயது நிறையுமுன்னே தந்தையை இழந்தவர். கல்கத்தாவில் நீதிபதியாகி, 1784இல் ஆசியக் கழகத்தைத் தொடங்கி, 1786இல் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று பேசியவர். (தமிழ்க் குடும்பம் அதில் சேராது, அது வேறு குடும்பம் என்று எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி சென்னையிலிருந்து எழுத 1816 ஆயிற்று.) அப்பா தேர்ந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது ‘பெரி’ என்ற கிரேக்க முன்னொட்டு: சுற்றி, சூழ என்று பொருள். அதற்குச் சமஸ்கிருதத்தில் நேர் உறவு ‘பரி’. தமிழில் நாம் எழுதும் பரிவாரத்திலும், தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகம் சுற்றளவுக்கு வைத்திருக்கும் ‘பரிதி’யிலும் இருப்பது அந்தப் ‘பரி’தான். பரிதி என்று எழுதி அதன் கீழ் விட்டம் என்று எழுதினால், ஆட்ரெட் எழுதிய பை கீழ் டெல்டாதான் அது, வேறு எழுத்தில்.

தமிழில் இந்த மடங்குக்கு எழுத்தோ பெயரோ இருக்கவில்லை. செய்முறைதான் இருந்தது. காரி நாயனார் செய்த கணக்கதிகாரத்தின் வழி இது: விட்டத்தை ஏழு கூறாக்கு, அதோடு அதே கூறில் நாலைச் சேர், வந்ததை இரட்டி. ஏழும் நாலும் பதினொன்று, இரட்டித்தால் 22. விட்டம் 35 முழம் என்றால் ஒரு கூறு 5 முழம், சுற்றளவு 22 கூறு, 110 முழம். பரப்புக்கு இன்னும் அழகான வழி: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, குழி, அதாவது பரப்பு, வரும். விட்டம் 14, சுற்று 44 என்றால் 22 × 7 = 154. இந்த இரண்டாவது விதியில் தோராயமே கிடையாது. சுற்றளவைக் கயிறு போட்டு அளந்தாலும் சரி, எந்தப் பை மதிப்பை வைத்துக் கண்டுபிடித்தாலும் சரி, விதி பிசகாது. பிழை வந்தால் அது அளந்தவருடையது. பரப்பளவின் சூத்திரத்தையும் சுற்றளவின் சூத்திரத்தையும் மாற்றிப் போட்டுவிடும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். சுற்றளவு ஒன்று தெரிந்தால் போதும், இன்னொன்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

‘பையைத் தமிழனே கண்டுபிடித்தான்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் சேதிகளைப் பற்றி ஒரு வரி: 22/7ஐ ஒருவரிடமிருந்து ஒருவர் திருடத் தேவையே இல்லை. கயிறும் சக்கரமும் இருக்கும் எந்த ஊரிலும் அது அகப்படும். பெருமைப்பட வேறு இடம் இருக்கிறது. ஆரியபட்டர் 499இல் விட்டம் 20,000 என்றால் சுற்றளவு 62,832 என்றார். அது 3.1416. அதைவிட முக்கியம், இது ‘ஆசன்னம்’, அதாவது அண்மையானது மட்டுமே என்று அவரே சொல்லிவிட்டார். கேரளத்துச் சங்கமகிராம மாதவர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிவில்லாத தொடர் ஒன்றைக் கொடுத்தார்: ஒன்றில் மூன்றிலொன்றைக் கழி, ஐந்திலொன்றைக் கூட்டு, ஏழிலொன்றைக் கழி என்று போய்க்கொண்டே இருந்தால் பையில் கால்பங்கு வரும். அதை அப்படியே கூட்டினால் நடக்காது. 100 உறுப்பு கூட்டி நாலால் பெருக்கினாலும் 3.13தான் வரும், பிழை ஏறக்குறைய நூறில் ஒன்று. அதனால்தான் கேரளத்தார் கடைசியில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார்கள். மாதவர் 11 தசம இடம்வரை போனது அந்தச் சாமர்த்தியத்தில்.

கும்பகோணத்து ராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடர் இதற்கு நேர் எதிர். ஒவ்வோர் உறுப்புக்கும் ஏறக்குறைய எட்டு இலக்கம் சரியாகும். முதல் உறுப்பை மட்டும் வீட்டுக் கால்குலேட்டரில் பார்த்துவிடலாம்: 8இன் வர்க்கமூலத்தை 1103ஆல் பெருக்குங்கள், வந்ததால் 9801ஐ வகுங்கள். 3.1415927 வரும். 1985இல் பில் காஸ்பர் இதே தொடரைக் கணினியில் ஓட்டி 17 மில்லியன் இலக்கத்துக்கு மேல் எடுத்தார்.

எந்த மதிப்பு எதற்கு

சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தின் விட்டம் 150 மீட்டர். உண்மைச் சுற்றளவு 471.24 மீட்டர். 22/7 போட்டால் 19 சென்டிமீட்டர் கூட வரும். 3.14 போட்டால் 24 சென்டிமீட்டர் குறையும். 3.142 போட்டால் 6 சென்டிமீட்டர் மட்டும் கூடும். சீனத்தின் சூ சொங்சி 5ஆம் நூற்றாண்டில் கொடுத்த 355/113ஐப் போட்டால் பிழை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நாலு பங்கு. அந்த ராட்டினத்தின் இரும்பு, வெயிலில் அதைவிட அதிகமாக நீளும். 355/113ஐ நினைவில் வைப்பதும் சுலபம்: 113355 என்று எழுதி நடுவில் வெட்டுங்கள், பின்பாதியை முன்பாதியால் வகுங்கள்.

இன்னும் வேண்டுவோருக்கு, இலக்கங்களை எழுத்தெண்ணி வைத்துக்கொள்ளும் வாக்கியங்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. தமிழில் ஒன்று செய்தால் இப்படி வரும்: ‘தம்பி, வா, விட்டம் நீ அளந்தால் சுற்றளவைத்தரும் எண் இதுதானப்பா.’ மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும், ‘சுற்றளவைத்தரும்’ என்பதைப் பிரிக்கக்கூடாது. 3, 1, 4, 1, 5, 9, 2, 6. அமெரிக்காவின் விண்வெளி ஆய்வுக்கூடமே கோள்களுக்கு இடையில் கலம் ஓட்ட 15 தசம இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது. நமக்கு இந்தத் தம்பி போதும்.

பை தினம் மார்ச் 14 என்பது அமெரிக்க வழக்கம். மாதத்தை முதலில் எழுதினால் 3/14. சான் ஃபிரான்சிஸ்கோ அறிவியல் கூடத்தில் லாரி ஷா 1988இல் தொடங்கிவைத்தார். யுனெஸ்கோ 2019இல் அதே நாளை உலகக் கணித நாளாக்கியது. நாளை முதலில் எழுதும் சிங்கப்பூரில் அது 14/3. அதில் எந்தப் பையும் தெரியாது, போதாததற்கு மார்ச் விடுமுறையை ஒட்டி வேறு வந்துவிடுகிறது. இங்கே பொருந்துவது ஜூலை 22தான், 22/7. இன நல்லிணக்க நாளுக்கு மறுநாள், பிள்ளைகளும் பள்ளியில் இருப்பார்கள். உண்மை மதிப்புக்கு 3.14ஐவிட 22/7தான் பக்கம் என்பது உபரி.

தேர்வுக்கு வருவோம். தொடக்கநிலை 6இல் எந்த மதிப்பு என்று கேள்வியே சொல்லிவிடும். ஆரம் 7, 14, 21, 35 என்றால் பெரும்பாலும் 22/7. 10, 20 என்றால் 3.14. சொன்னதை விட்டுவிட்டுக் கால்குலேட்டரின் பை பொத்தானை அழுத்தினால் 314க்குப் பதில் 314.159 வந்து நிற்கும். மதிப்பெண் பெரும்பாலும் போவது வேறிடத்தில். விட்டம் 14 உள்ள அரைவட்டத்தின் சுற்றளவு கேட்டால் பிள்ளைகள் 22 என்று எழுதுவார்கள். அது வளைவு மட்டும்தான். நேர்கோட்டின் 14ஐயும் சேர்த்தால் 36. ஆரம் 14 உள்ள கால்வட்டத்திலும் அதே கதை: வளைவு 22, இரண்டு ஆரம் 28, மொத்தம் 50. படத்தின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், விரல் போன கோடெல்லாம் கணக்கில் வரவேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு படம் இலை. சதுரத்துக்குள் எதிரெதிர் மூலையிலிருந்து இரண்டு கால்வட்டம் வரைந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி. இரண்டு கால்வட்டத்தைக் கூட்டிச் சதுரத்தைக் கழித்தால் இலை. பக்கம் 14 என்றால் 154 + 154 − 196 = 112. 22/7 வைத்தால் இலை எப்போதும் சதுரத்தில் 4/7, 3.14 வைத்தால் 0.57. விடையைச் சரிபார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது. படி எழுதாமல் 0.57ஐ மட்டும் போட்டால் விடை தவறும்போது செய்முறை மதிப்பெண்ணும் சேர்ந்து போகும்.

உயர்நிலைத் தேர்வுத்தாளின் முகப்பில் கால்குலேட்டர் மதிப்பு அல்லது 3.142 என்று போட்டிருக்கும், விடையைப் பை வடிவிலேயே விடச்சொன்னால் தவிர. அந்தத் ‘தவிர’வைப் படிக்காமல் 36 பையை 113 என்று மாற்றி எழுதுவது ஒரு தவறு. அதைவிடப் பெரியது, நடுவழியில் சுருக்குவது. உருளையின் சுற்றளவு 50 செ.மீ., உயரம் 35 செ.மீ., கொள்ளளவு என்ன? ஆரம் 7.9577... வரும். அதை 7.96 என்று எழுதி அதையே மேலே கொண்டுபோனால் 6967, மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் 6970. கால்குலேட்டரில் வந்ததை அப்படியே வைத்துத் தொடர்ந்தால் 6963, சுருக்கினால் 6960. ஆரத்தில் வந்த சின்னப் பிழை வர்க்கத்தில் இரட்டிப்பாகிறது, அதுதான் காரணம். நடுவில் ஐந்து இலக்கமாவது எழுதுங்கள், கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

கூடுதல் கணிதத்தில் பை என்றால் 180 என்று எழுதும் பிள்ளைகளைத் திருத்தியே ஆகவேண்டும். ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு, பை ரேடியன்தான் 180 பாகை. பை என்றைக்கும் 3.14தான். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும்போது சைன் 30 கேட்டால் 0.5க்குப் பதில் −0.988 வரும். கழித்தல் குறியைப் பார்த்ததும் அலகு எதில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

வட்டப் பாவாடை

கணக்கு நோட்டுக்கு வெளியே பை தன் குணத்தைக் காட்டும் இடம் தையல். தீபாவளிக்கோ நடனத்துக்கோ முழுவட்டப் பாவாடை வெட்டும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: இடுப்பு பெரிதாகிவிடும்.

இடுப்பளவு 66 செ.மீ. என்று வையுங்கள். 66ஐ 6.28ஆல் வகுத்தால் ஆரம் 10.5. துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து 10.5இல் வளைவு வரைந்து வெட்டுபவர் மாட்டிக்கொள்வார். வெட்டிய ஓரத்திலேயே தைக்க முடியாது, 1 செ.மீ. உள்ளே தள்ளித்தான் தையல் ஓடும். அங்கே ஆரம் 11.5, சுற்றளவு 72.3. இடுப்புப்பட்டி 66, பாவாடை 72. மிச்சத்தைச் சுருக்கித்தான் அடைக்க வேண்டும். வெட்டவேண்டியது 9.5இல். ஆரத்தில் 1 செ.மீ. மாறினால் சுற்றளவில் 6.28 செ.மீ. மாறும். சின்ன வட்டமானாலும் பெரிய வட்டமானாலும் இது மாறாது.

நீளம் 60 என்றால் கீழோரத்தின் ஆரம் 70.5, மடித்துத் தைக்க 1.5 சேர்த்து 72. நாலாக மடிக்க 144 செ.மீ. சதுரம் வேண்டும். 150 செ.மீ. அகலத் துணி போதும். 44 அங்குலத் துணியில் நடக்காது, இரண்டு அரைவட்டமாக வெட்டி இணைக்கவேண்டும், அதற்கு 3 மீட்டர் எடுங்கள். கீழோரச் சுற்றளவு 443 செ.மீ. தேக்கா கடையில் சரிகைக் கரையை நாலு மீட்டர் என்று வாங்கி வந்தால் கடைசி அரைமீட்டர் பல்லிளிக்கும், ஐந்து மீட்டராகக் கேளுங்கள். அகலக் கரையும் வேண்டாம். 5 செ.மீ. கரையின் மேல் ஓரம் உட்காரும் வட்டம், கீழ் ஓர வட்டத்தைவிட 31 செ.மீ. சின்னது. நேராக நெய்த கரை அந்த 31ஐ எங்கே ஒளிக்கும்? சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். 1 செ.மீ. கரையில் வித்தியாசம் 6 செ.மீ.தான், தைக்கும்போதே இழுத்துச் சமாளித்துவிடலாம். இடுப்பு வளைவை வெட்டியவுடன் ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குறுக்கிழையில் இழுபடும். கீழோரத்தை மடிப்பதற்கு முன் பாவாடையை ஓர் இரவு தொங்கவிடவும் வேண்டும். குறுக்கிழை விழும் பக்கங்கள் கொஞ்சம் இறங்கும், அதை வெட்டிச் சமமாக்கிய பிறகுதான் கரை.

மற்ற பைகள்

பெரிய எழுத்துப் பை, ஒன்றோடொன்று பெருக்குவதைக் குறிக்கும். கூட்டலுக்கு ஆங்கிலச் சொல்லின் ‘எஸ்’ கிரேக்கத்தில் சிக்மா, பெருக்கற்பலனுக்கு ‘பி’ கிரேக்கத்தில் பை. பகா எண்களை எண்ணுவதற்கும் இதே எழுத்து: பை(100) = 25 என்று எழுதியிருந்தால், 100க்குள் 25 பகா எண் இருக்கிறது என்று அர்த்தம். 3.14ஐ 100ஆல் பெருக்கச் சொல்லவில்லை.

வேதியியலின் பைப் பிணைப்பும் முதலெழுத்து விவகாரம்தான். அணுவில் எலக்ட்ரான் உலவும் இடத்தை ஆர்பிட்டால் என்பார்கள். எஸ் ஆர்பிட்டாலை ஒத்த சமச்சீர் உள்ளது சிக்மா, பி ஆர்பிட்டாலை ஒத்தது பை. எத்தீனின் இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா, ஒன்று பை. எத்தைனின் முப்பிணைப்பில் ஒரு சிக்மா, இரண்டு பை. இரட்டைப் பிணைப்பு என்றால் இரண்டு பை என்று எழுதுவது ஆண்டுதோறும் நடக்கும் விபத்து. அணுக்களை நேருக்கு நேர் இணைக்க முதலில் ஒரு சிக்மா வந்தாகவேண்டும். பக்கவாட்டில் பிடிக்கும் பை அதற்குப் பிறகுதான்.

பொருளியலில் லாபத்துக்குப் பை வந்தது, ‘பி’ என்ற எழுத்தை விலை ஏற்கெனவே பிடித்துக்கொண்டதால். மொத்த வருவாயில் மொத்தச் செலவைக் கழித்தால் பை. அதே துறையில் பணவீக்கத்துக்கும் பை போடுவார்கள், எந்தப் பாடத்தில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் பை மேசான், சுருக்கமாகப் பையான், என்று ஒரு துகள். யுகாவா 1935இல் இப்படியொன்று இருக்கவேண்டும் என்றார், 1947இல் செசில் பவலின் குழு ஒளிப்படத் தகட்டில் பிடித்தது. மின்னூட்டம் உள்ள பையான், எலக்ட்ரானைப்போல 273 மடங்கு எடை.

கிரேக்கத்தோடு சம்பந்தமே இல்லாத பைகளும் உண்டு. அணாவில் பன்னிரண்டில் ஒன்று பை, 192 பை ஒரு ரூபாய். 1867 வரை சிங்கப்பூர் இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், அக்கால அரசுக் கணக்குகளைப் புரட்டுபவர் ரூபாய், அணாவை அடுத்து இந்தப் பையைப் பார்ப்பார். பழைய ஆங்கில நூல்களில் சீனத்து ‘pi’ என்று ஒரு பச்சைக்கல் வட்டு வரும், நடுவில் துளை இருக்கும். இன்றைய எழுத்துமுறையில் அதையே ‘bi’ என்று எழுதுகிறார்கள், நூலகத்தில் தேடுபவர் இரண்டு வகையிலும் தேடவேண்டும். கல்லின் அகலம் துளையைப்போல இரு மடங்கு இருந்தால்தான் அந்தப் பெயர் என்று பழஞ்சீன அகராதியான ‘அர்யா’ சொல்கிறது.

கடைசியாக, பிள்ளைகள் ‘பை வேண்டும்’ என்று கேட்டால் பெரும்பாலும் அது ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29இல் வந்த கையகலக் கணினி. பைத்தான் நிரல்மொழியை நினைத்து வைத்த பெயர். சிம் லிம் டவரில் உதிரிபாகம் வாங்கப்போகும்போது பலகையைவிட மின்சாரத்தில் கவனம் வையுங்கள். நான்காம் தலைமுறைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர். ஐந்தாம் தலைமுறைக்கு 5 ஆம்பியர், குறைந்ததைச் சொருகினால் யுஎஸ்பி வாய்களுக்குப் போகும் மின்னோட்டத்தை அதுவே கட்டுப்படுத்திவிடும், வன்தட்டு பாதியில் நிற்கும். 40 முனைகளில் உள்ளீட்டு முனைகள் 3.3 வோல்ட்தான் தாங்கும், 5 வோல்ட் உணரியை நேராகக் கொடுத்தால் பலகை போய்விடும். நடுவில் இரண்டு மின்தடையாவது வைத்து இறக்குங்கள். திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் மென்பொருளை நோண்டவேண்டாம், கைப்பேசி சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சரியான அடாப்டரையும் தடித்த கம்பியையும் போட்டுப் பாருங்கள்.